புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

உட்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. காபி கொண்டு வந்திருக்கேன், சொந்தத் தோட்டத்துக் கொட்டை, வறுத்து அரைச்சது. சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க. பாப்பா உங்க கேமராப் பையை இழுக்கும், கண்டுக்காதீங்க. அதுக்குக் கையில் எது கிடைச்சாலும் இழுத்துப் பார்க்கணும்.

துப்பாக்கி எங்கேயும் போயிடாது சார். அதோ சுவரில் துண்டு போர்த்தித் தொங்குதே, அதுதான். கொஞ்சம் பொறுங்க. அதைத் தொடுறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேட்கணும். எங்க மாமனாரும் எங்க அப்பாவும் பந்தல்காரரைப் பார்க்க டிவிஎஸ் வண்டியில் போயிருக்காங்க. பக்கத்து ஊர்தான், ஆனா போற வழியில் டீக்கடை இருக்கு, அதனால் நேரம் இருக்கு. அவங்க வந்து, "சார், இது என்ன துப்பாக்கி?"ன்னு கேட்பாங்க. நீங்க பெரிய படிப்பு படிச்சவர், பழைய துப்பாக்கிகளைப் பத்திப் புத்தகம் எழுதறவர், உள்ளதை உள்ளபடி சொல்லிடுவீங்க. அங்கேதான் சார் சிக்கல். நீங்க உள்ளதைச் சொன்னால் இந்த வீட்டில் இரண்டு மீசை போயிடும்.

சிரிக்காதீங்க. நாளன்னிக்கு இந்தப் பாப்பாவுக்குக் காதுகுத்து. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தணும். தாய்மாமன் என்றால் என் தம்பி மாதேஷ். அவன் எங்க அப்பா பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பிள்ளை. அப்பா கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால் அவனும் தூக்குவான். அப்புறம் என் பிள்ளை யார் மடியில் உட்காரும், சொல்லுங்க? சுவரில் தொங்குற துப்பாக்கி மடியிலா?

முதலில் இருந்து சொல்றேன்.

இந்தத் துப்பாக்கி எங்க மாமனாரோட அப்பாவுக்கு மலைமேல் காபி எஸ்டேட் வைத்திருந்த துரை கொடுத்தது. அந்தத் தாத்தா துரை கூடவே காட்டுக்குப் போனாராம், துரையோட உயிரைக் காப்பாத்தினாராம். என்ன மிருகத்திடமிருந்து காப்பாத்தினார் என்பதை மட்டும் என்னைக் கேட்காதீங்க. நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது காட்டுப்பன்றி. பாப்பா பிறந்தப்போ சிறுத்தை ஆச்சு. போன மாசம் மாமா ஒரு விருந்தாளிகிட்ட புலின்னு சொல்லிக்கிட்டு இருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போனால் சிங்கத்துக்கு எஸ்டேட்டில் வேலை போட்டுக் கொடுத்திடுவார்.

லைசென்ஸ் எல்லாம் முறையா இருக்கு சார். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைப்பார். அது திரும்பி வர்ற வரைக்கும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட மாதிரி முகம் வாடிக் கிடக்கும். அது வந்ததும் விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மேலெல்லாம் பூசுவார். எத்தனையோ வருஷமாப் பூசினது. அதன்மேல் அடுப்புப் புகை, அதன்மேல் தூசி, அதன்மேல் மறுபடியும் விளக்கெண்ணெய். நான் பார்த்த நாளில் இருந்து அது கருங்கல் மாதிரி கறுப்புத்தான். அடியில் என்ன உலோகம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மாமா இரும்புன்னு சொன்னார், எல்லாரும் இரும்புன்னு நம்பினோம். வெடிச்சு யாரும் பார்த்ததில்லை. தோட்டா கிடையாது. எனக்கும் அது ஒரு வகையில் நல்லதுதான், பிள்ளை இருக்கிற வீடு.

எங்க அப்பா தர்மலிங்கம் ஆயுதப்படையில் துப்பாக்கி ஸ்டோர் பார்த்து ரிடையர் ஆனவர். அவருக்குத் துப்பாக்கி என்றால், எங்க அம்மா சொல்ற மாதிரி, மூணாவது பிள்ளை. ஆக இந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கிறவர், அந்தப் பக்கம் துப்பாக்கி தெரிஞ்சவர். நடுவில் நான். பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே இரண்டு பேரும் துப்பாக்கியைப் பத்திப் பேசிப் பேசி, பொண்ணைப் பார்க்க மறந்துட்டாங்க. நான் காபித் தட்டோடு நின்னு நின்னு கால் வலிச்சுப் போச்சு.

காதுகுத்துக்குத் தேதி வைக்க அப்பாவும் அம்மாவும் ஆவணி மாசம் வந்தாங்க. நல்ல சாப்பாடு, நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டே மாமா சுவரைக் காட்டி, இது எழுபத்துமூணாம் வருஷத்து மாடல், நாற்பத்திநாலு-நாற்பது தோட்டா போடுறது, துரை தன் வாயால் சொன்னதுன்னு ஆரம்பிச்சார். ஆயிரத்தெண்ணூத்து எழுபத்துமூணு சார். அப்பா பேசாமல் இருந்திருக்கலாம். வாயில் வெற்றிலை இருந்ததால் கொஞ்ச நேரம் பேசாமத்தான் இருந்தார். துப்பிட்டு வந்து, எழுபத்துமூணு சரி, ஆனா இது முப்பத்தெட்டு-நாற்பதுன்னு சொல்லிட்டார். அவர் வேலையில் இருந்தப்போ ஒரு ஜமீன் வீட்டில் இருந்து இதே மாதிரி ஒண்ணு ஸ்டோருக்கு வந்ததாம், அது முப்பத்தெட்டு-நாற்பதாம். அதனால் இதுவும் அதுதானாம்.

உங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். எனக்கு அன்னிக்குத் தெரியாது. அதுக்கப்புறம் இவர் போனில் பார்த்துப் பார்த்து, எனக்கும் தெரிஞ்சு போச்சு. இவர் என்றால் எங்க வீட்டுக்காரர் நந்தகோபால், லோடு ஆட்டோ ஓட்டறார். ராத்திரி பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுறதுக்குப் பதிலா போனில் துப்பாக்கி வீடியோ ஓடும். பாப்பா அதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடும். நான்தான் தூக்கம் வராமல் முழுசும் கேட்பேன்.

முதல் நம்பர் குழாயோட வாய் அளவு. ஒரு அங்குலத்தை நூறு பங்கு போட்டால் அதில் நாற்பத்திநாலு பங்கு. இரண்டாவது நம்பர் உள்ளே போடுற கருமருந்தோட எடை. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிக் கொடுக்க அந்த வீடியோக்காரர் அரை மணி நேரம் எடுத்துக்கிட்டார். முப்பத்தெட்டு-நாற்பது என்பது நாற்பத்திநாலு-நாற்பது தோட்டாவையே கழுத்தைப் பிடிச்சு நெரிச்ச மாதிரி இருக்கும். பெயரில் முப்பத்தெட்டுன்னு இருக்கே தவிர, குண்டை அளந்து பார்த்தால் நாற்பது வருது. எங்க பெரிய நாத்தனார் வயசு சொல்ற மாதிரி.

சரி, சண்டைக்கு வர்றேன். மாமா சொன்னார், துரை பொய் சொல்வாரா? அப்பா சொன்னார், துரைக்கு என்ன தெரியும், அவர் காபி விற்க வந்தவர். மாமா சொன்னார், ஸ்டோரில் உட்கார்ந்து சாவி எண்ணினவங்களுக்கு வேட்டை தெரியுமா? அப்பா எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டினார். அம்மா அவர் கையைப் பிடிச்சாங்க. அத்தை மாமாவோட கையைப் பிடிச்சாங்க. நான் பாப்பாவைக் கொண்டு போய் நடுவில் உட்கார வைத்தேன், பிள்ளையைத் தாண்டி யாரும் சண்டை போட மாட்டாங்கன்னு. பிள்ளையைத் தூக்கி ஓரமா வச்சுட்டுச் சண்டை போட்டாங்க.

கடைசியில் அப்பா மீசையில் கை வச்சார். "இது முப்பத்தெட்டு-நாற்பது இல்லைன்னா இதை எடுத்துடறேன் சம்பந்தி."

மாமாவும் கை வச்சார். "நாற்பத்திநாலு இல்லைன்னா நானும் எடுத்துடறேன். ஊர் பார்க்க எடுக்கறேன்."

அப்பா மீசை கம்பி மாதிரி, இரண்டு பக்கமும் முறுக்கி விட்டது. போலீசில் அதுக்கு அலவன்ஸ் கொடுப்பாங்கன்னு சொல்லிக்கிட்டுத் திரிவார். மாமா மீசை புதர் மாதிரி. காபி குடிச்சால் பாதி அதிலேயே நின்னுடும். இரண்டும் இல்லாமல் அந்த முகங்களை நான் நினைச்சுப் பார்த்ததே இல்லை.

ஆயுத பூஜை அன்னிக்குத் தீர்த்துக்கலாம்னு முடிவாச்சு. ஆளுக்கு ஒரு தோட்டா கொண்டு வரணும், மருந்து எடுத்த வெறும் தோட்டா, அளவு பார்க்க மட்டும். யாரோட தோட்டா உள்ளே போய் உட்காருதோ அவர் ஜெயிச்சார். அடுத்த நாளில் இருந்து இரண்டு பேரும் தோட்டா தேடி அலைஞ்ச அலைச்சல், எனக்கு மாப்பிள்ளை தேடினப்போகூட அப்பா அப்படி அலையலை.

எனக்கு என்ன கவலைன்னா, தோற்கிறவர் யாரா இருந்தாலும் காதுகுத்து கெட்டுப் போகும். அப்பா தோற்றால் தம்பி வர மாட்டான். மாமா தோற்றால் பந்தல் போட மாட்டார், விரல் நுனி நீளத்துக்குக்கூட மீசை இல்லாமல் எப்படி வாசலில் நின்னு ஆளுகளைக் கூப்பிடுவேன்னு உள்ளே போய்ப் படுத்துக்குவார். ஒரே நாளில் எனக்கு அப்பாவும் வேணும், மாமனாரும் வேணும். எந்தப் பொண்ணுக்குத்தான் வேண்டாம்?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் மாமா என்கிட்டே, "அம்மணி, நாளைக்குத் துப்பாக்கி பூஜையில் இருக்கணும், நல்லாத் துடைச்சு வை"ன்னு சொல்லிட்டுச் சந்தைக்குப் போனார். நான் குத்துவிளக்கு, சொம்பு, அடுக்குச் சாமான் எல்லாம் எடுத்து, துவைக்கிற கல்லுகிட்ட போட்டு, புளியும் உப்பும் சேர்த்துத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். துணியால் துடைச்சால் இந்த எண்ணெய்ப் பிசுக்கு போகுமா சார்? நீங்களே சொல்லுங்க. போகாது. கையில் புளி இருக்கு, தேங்காய் நார் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு. ஒரு கை போட்டேன்.

என்ன சார், நெஞ்சைப் பிடிக்கறீங்க? காபி சூடா இருந்ததா?

புளிதான் சார். உப்பும். அப்புறம் கொஞ்சம் சாம்பல். அப்புறம் வெந்நீர். கட்டைப் பகுதியில் படாமல்தான் தேய்ச்சேன், எனக்கும் தெரியாதா. ஆமாம், அந்தப் பழைய நிறம் எல்லாம் போச்சு. அழுக்கு போகத்தானே தேய்க்கிறது? உங்க முகத்தைப் பார்த்தால் உங்க வீட்டில் யாரும் பாத்திரம் தேய்க்க மாட்டாங்க போல.

கேளுங்க. நாலு தேய்ப்பு தேய்ச்சதும் கறுப்புக்கு அடியில் மஞ்சளா ஒரு கீற்று வந்தது. இன்னும் தேய்ச்சேன். விசைக்கு மேலே இருக்கிற அந்த அகலமான பெட்டி முழுக்க மஞ்சள். பளபளன்னு. அத்தை தண்ணி தூக்கிக்கிட்டு வந்தவங்க குடத்தை அப்படியே இறக்கிட்டு, "இது தங்கமாடி?"ன்னு கேட்டாங்க. நான் பித்தளைன்னு சொன்னேன். அத்தை நம்பலை. முந்தானையால் மூடி, வீட்டுக்குள்ளே கொண்டு போய் அரிசி மூட்டைக்குப் பின்னாடி வச்சு, ஊரில் யார்கிட்டேயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கினாங்க. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வச்சு, இரண்டும் ஒரே ஜாதின்னு காட்டின பிறகுதான் மனசு இறங்கி வந்தாங்க.

எனக்கு மட்டும் பித்தளைன்னதும் வேறே கணக்கு ஓடிச்சு. ஏன்னா, நான் அந்த வீடியோவை எல்லாம் கேட்டவள் ஆச்சே.

சட்டைக் கம்பெனி வைத்திருந்த ஒருத்தர் துப்பாக்கிக் கம்பெனியில் பணம் போட்டார், தெரியும்தானே? அவங்க முதலில் செஞ்சது குண்டுக்கு உள்ளேயே மருந்தை அடைச்ச ஒரு வகை. அது கொழுக்கட்டைக்குள்ளே பூரணம் வைக்கிற மாதிரி. ஆனா பலம் பத்தலை. அப்புறம் செம்புக் கூட்டுக்குள்ளே மருந்து வச்ச நாற்பத்திநாலு. அதுக்கான துப்பாக்கியில் பித்தளைப் பெட்டி. ஆனா தோட்டாவை, அடியில் இருக்கிற இன்னொரு குழாயோட முன்பக்கம் திறந்து போடணும், கீழே பிடிக்கக் கட்டையும் கிடையாது, சுட்டால் கை வெந்து போகும். அடுப்பில் இருந்து பால் பாத்திரத்தைப் பிடி துணி இல்லாமல் இறக்கற மாதிரி. எந்த ஆம்பளையோ செஞ்சது. அறுபத்தாறில்தான் யாரோ புத்தி வந்து பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் வச்சாங்க, கீழே கட்டையும் வச்சாங்க. அதுவரைக்கும் பித்தளைப் பெட்டிதான். எழுபத்துமூணில் இரும்புப் பெட்டி வந்துடுச்சு. நாற்பத்திநாலு-நாற்பது அதோடதான் பிறந்தது. முப்பத்தெட்டு-நாற்பது அதுக்கும் தங்கச்சி.

ஆக, இது பித்தளை. பக்கத்தில் வாசல் இருக்கு, கீழே கட்டையும் இருக்கு. அப்படின்னா இது அறுபத்தாறு. அறுபத்தாறுக்குப் போடுற தோட்டா நாற்பத்திநாலு-நாற்பதும் இல்லை, முப்பத்தெட்டு-நாற்பதும் இல்லை. அந்தப் பழைய குட்டை நாற்பத்திநாலு. அதில் வெடிக்கிற மருந்து நடுவில் இருக்காது, விளிம்பைச் சுத்தி இருக்கும். அதைத் தட்டறதுக்கு இரண்டு முள். நான் பாப்பாவை இடுப்பில் வச்சுக்கிட்டு, விசையைச் சுத்தி இருக்கிற வளையத்தைக் கீழே தள்ளி, டார்ச் அடிச்சுப் பார்த்தேன் சார். இரண்டு முள்.

புரியுதா? அப்பாவும் தப்பு, மாமாவும் தப்பு. ஒரு மீசையைக் காப்பாத்த வழி தேடினவளுக்கு இரண்டு மீசையும் சேர்ந்து வந்து நின்னுது.

இவர்கிட்டே சொன்னேன். இவர் சிரிச்சு சிரிச்சு, போட்டோ எடுத்து, அப்பவே எங்கேயோ போட்டுட்டார். அதைப் பார்த்துத்தானே நீங்க வந்திருக்கீங்க. அந்த மனுஷனை நான் அப்புறமா வச்சுக்கிறேன்.

நான் என்ன பண்ணினேன்னா, சந்தனத்தை அரைச்சேன். கிண்ணம் கிண்ணமா அரைச்சு, அந்த மஞ்சள் பெட்டி முழுக்கப் பூசினேன். அம்மனுக்குச் சந்தனக்காப்பு சாத்தற மாதிரி. மேலே குங்குமம், அதுக்கு மேலே செவ்வந்தி மாலை. ஒரு ஓரம்கூடத் தெரியாது. மாமா சந்தையில் இருந்து வந்து பார்த்து, மருமகளுக்கு இருக்கிற பக்தி மகனுக்கு இல்லைன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

மறுநாள் காலையில் பூஜைக்கு முன்னாடியே தெருவே வாசலில். யார் சொன்னாங்கன்னு கேட்காதீங்க, எதிர்வீட்டுப் பாவாயி அக்காவுக்குத் தெரிஞ்சால் ரேடியோவில் சொன்ன மாதிரி. சலூன்காரர் செங்கோடனையும் எவனோ கூட்டிட்டு வந்து நிறுத்திட்டான், மீசை எடுக்க. அப்பா பையில் இருந்து தன் தோட்டாவை எடுத்தார், கைக்குட்டையில் சுத்தி, பல் செட்டைப் போல. மாமா சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து தன்னுடையதை எடுத்தார்.

சம்பந்தி விருந்தாளி என்பதால் அப்பாவுக்கு முதல் வாய்ப்பு. வளையத்தைக் கீழே தள்ளினார், திறந்த வாயில் தோட்டாவை வச்சு விரலால் தள்ளினார். கழுத்து வரைக்கும் போச்சு. அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம், மாமா முகத்தில் ஒரு இருட்டு. அப்புறம் நின்னுடுச்சு. அப்பா தள்ளினார், திருகினார், ஊதினார். தோள்பட்டையில் சிக்கின குறுகலான சட்டை மாதிரி அதுக்கு மேலே இறங்கலை. இப்போ மாமா முகத்தில் வெளிச்சம். அவர் வாங்கித் தன்னுடையதை வச்சார். அவருடையது மூக்கோடு நின்னுடுச்சு, கழுத்துகூட இல்லை.

அப்புறம் பின்னாடி இருந்து ஒருத்தன், "அப்போ இரண்டு பேருக்கும் சேர்த்து மழிச்சுடு செங்கோடா"ன்னான்.

நல்ல வேளை, செங்கோடன் அண்ணன் விவரமானவர். "கத்தியை எல்லாம் விடியறப்பவே பூஜையில் வச்சாச்சு. பொட்டு வச்ச கத்தியை இன்னைக்கு எடுக்கறது இல்லை. நாளைக்கு வாங்க"ன்னு சொல்லிட்டார். ஒரு நாள் கிடைச்சது. ஆனா ஒரு நாள் எதுக்கு ஆகும்? இரண்டு பேரும் துப்பாக்கியை ஆளுக்கு ஒரு முனையில் பிடிச்சுக்கிட்டு, துப்பாக்கியில்தான் தப்பு, துப்பாக்கியில்தான் தப்புன்னு சொல்லிக்கிட்டு நிக்கறாங்க. அதில் மட்டும்தான் சார் அவங்க இரண்டு பேரும் ஒத்துப் போனாங்க. மாமா விரல் படுற இடத்தில் சந்தனம் வேறே உரியுது. அடியில் மஞ்சள் எட்டிப் பார்க்குது.

அப்போதான் சார் வாயைத் திறந்தேன். எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது.

"மாமா, நேத்து நான்தான் புளி போட்டுத் தேய்ச்சு, கொதிக்கிற வெந்நீர் ஊத்திக் கழுவினேன். அப்போ இருந்தே அந்த வாய் கொஞ்சம் சுருங்கின மாதிரி தெரிஞ்சது. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை."

அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன்"னார் அப்பா.

"நேத்து வரைக்கும் சரியா இருந்ததே"ன்னார் மாமா.

அப்புறம் எனக்கு விழுந்த திட்டு இருக்கே. இரண்டு பேரும் தோள் மேல் கை போட்டுக்கிட்டுத் திட்டினாங்க. பொண்ணை வளர்த்த லட்சணம்னு அப்பா அம்மாவைத் திட்டினார். மருமகளுக்குச் சொல்லித் தரத் தெரியலைன்னு மாமா அத்தையைத் திட்டினார். மத்தியானத்துக்குள்ளே அது ஒரு பெரிய சாஸ்திரம் ஆயிடுச்சு. புளி பட்டால் உலோகம் உள்ளுக்குள்ளே இறுகும், அதுவும் வெந்நீர் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்னு அப்பா தெருவில் ஒவ்வொருத்தரா நிறுத்திச் சொன்னார். மாமா கூட நின்னு, ஆமாம், நாங்களே பார்த்தோம்னார். பாவாயி அக்கா பயந்துபோய் அவங்க வீட்டுக் குத்துவிளக்கை இப்போ வரைக்கும் புளி போட்டுத் தேய்க்கறது இல்லை. ஊரில் எனக்குப் பெயரே துப்பாக்கி சுருக்கினவள். போகட்டும். இரண்டு மீசையும் முகத்தில் இருக்கு, காதுகுத்துப் பத்திரிகையும் அடிச்சாச்சு.

இன்னொண்ணு கேளுங்க. அன்னிக்குச் சாயங்காலம் அப்பா தண்ணி கேட்கிற மாதிரி சமையல்கட்டுக்கு வந்தார். குரலை இறக்கி, "கண்ணு, அது விளிம்புல அடிக்கிற ரகம். முள் ரெண்டு இருக்கு, நான் கவனிச்சுட்டேன். உங்க மாமாவுக்குத் தெரிய வேண்டாம். பாவம், மீசை போச்சுன்னா மனுஷன் பந்தல்ல நிக்க மாட்டார்"ன்னார். நான் ஒண்ணுமே தெரியாதவள் மாதிரி, அப்படியாப்பான்னு கேட்டுக்கிட்டேன்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போன பிறகு, நான் தண்ணி பிடிக்கிற இடத்துக்கு மாமா வந்தார். "அம்மணி, அந்தத் துப்பாக்கி அறுபத்தாறு. சந்தனத்தைத் துடைச்சுப் பார்த்துட்டேன். துரை எங்கப்பாகிட்ட அளந்துவிட்டிருக்கார். உங்கப்பாகிட்ட சொல்லிடாத, போலீஸ்ல இருந்தவர், கௌரவமான மனுஷர், தாங்க மாட்டார்"ன்னார். அதுக்கும் அப்படியா மாமான்னு கேட்டுக்கிட்டேன். அன்னிக்குத்தான் அந்தத் துண்டைப் போர்த்தினார், கண்ணு படுதுன்னு எல்லார்கிட்டேயும் சொல்லி.

இரண்டு பேரும் என் சாமர்த்தியத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை சார். நான் சொன்ன சுருக்கத்தை அப்படியே நம்பி, தெருத் தெருவா சொல்லிட்டு வந்தாங்களே, அதை நினைச்சால் எனக்கே பாவமா இருக்கு. ஆம்பளைகளே அப்படித்தான். துப்பாக்கின்னு வந்துட்டால் யோசிக்க மாட்டாங்க. உடனே பந்தயம், உடனே மீசை. ஒரு இரும்புத் துண்டுக்காக, சரி, பித்தளைத் துண்டுக்காக, முகத்தைப் பணயம் வைக்கிற புத்தி நமக்கு வருமா? எனக்கெல்லாம் வராது. எனக்கு அதில் பெருமையும் கிடையாது, பிடிவாதமும் கிடையாது. அதனால்தான் அவங்க வந்து கேட்டால், சுருங்கிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டுக்கறேன். புத்தகத்தில் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. காதுகுத்து முடிஞ்ச பிறகு வந்தால் போதும்.

இப்போ வேணும்னா துண்டை எடுத்துப் பாருங்க. தடவிக்கூடப் பார்க்கலாம். அழுக்கு ஒட்டாது, இந்த வாரமும் ஒரு கை போட்டேன். ஏன் சார் கண்ணை மூடிக்கறீங்க?

என்ன சொன்னீங்க?

கடைசிக் காலத்தில் அறுபத்தாறிலேயே ஒரே முள்ளால் நடுவில் தட்டற வகையும் கொஞ்சம் செஞ்சாங்களா? இருக்கட்டும். செஞ்சிருப்பாங்க. அதுக்கு? இது அதுவா இருக்கலாம்னு சொல்றீங்களா? சார், நான் என் கண்ணால் பார்த்தேன். முள் இரண்டு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் நிழல் விழுந்து ஒண்ணு இரண்டாத் தெரியுமா? யாருக்கு? எனக்கா? ஊசியில் நூல் கோர்க்க இந்தத் தெருவே என்கிட்டேதான் வரும். இடுப்பில் பிள்ளை இருந்தால் என்ன, பிள்ளை ஆடினால் கண்ணும் ஆடுமா?

இல்லை சார், நீங்க பெரிய படிப்புப் படிச்சவரா இருக்கலாம். ஆனா இது எங்க வீட்டுத் துப்பாக்கி. நான் அதைப் புளி போட்டுத் தேய்ச்சவள். அதில் எந்தப் பள்ளத்தில் எந்த அழுக்கு இருந்ததுன்னு எனக்குத் தெரியும். பார்க்காமல் சொல்ல முடியாதுன்னு நீங்க சொன்னால், பார்த்துட்டுத்தான் சொல்றேன்னு நான் சொல்றேன். இது அறுபத்தாறு, விளிம்பில் அடிக்கிற நாற்பத்திநாலு. இல்லைன்னா கேட்டுக்குங்க, எனக்கு மீசை இல்லை, இடுப்பு வரைக்கும் பின்னல் இருக்கு. நாளன்னிக்குப் பாப்பாவுக்கு மொட்டை போடறப்போ பக்கத்திலேயே மணையைப் போட்டு நானும் உட்கார்ந்துடறேன். செங்கோடன் அண்ணனுக்கு ஒரே வேலையா முடிஞ்சு போகும்.

நான் தோற்றால் அது. நீங்க தோற்றால்? உங்களுக்கும் மீசை இல்லை. ஆனா அந்தக் குறுந்தாடி அழகா கத்தரிச்சு வச்சிருக்கீங்களே. அது.

சிரிச்சு மழுப்பாதீங்க சார். சரின்னு சொல்லுங்க. சரி. இந்தாங்க டார்ச். பாப்பா, சாரை விடு, அவர் முள்ளை எண்ணட்டும்.

அய்யோ, டிவிஎஸ் சத்தம். இவ்வளவு சீக்கிரம் டீ குடிச்சாச்சா? துண்டைப் போடுங்க, துண்டைப் போடுங்க. டார்ச்சைப் பைக்குள்ளே வைங்க. எண்ணறது அவங்க தூங்கின பிறகு. நமக்குள்ளே இருக்கிறது தனிக் கணக்கு, அவங்களுக்கு அதில் பங்கு கிடையாது.

வாங்க மாமா. வாங்கப்பா. சார் சென்னையில் இருந்து வந்திருக்கார். இப்போதான் சொல்லிக்கிட்டு இருந்தார், இந்த மாதிரி புளியில் சுருங்கினது அவரே நாலைஞ்சு இடத்தில் பார்த்திருக்காராம்.